பெரியம்மாவுக்காக 42.195

பெரியம்மாவின் படம் கடைசியில் ரீசேட்டில் ஏறிவிட்டது.

போன கிழமை குடும்ப வட்ஸ்அப் குழுவில் அது வந்து விழுந்ததிலிருந்து இந்தக் கட்டுரைக்காரர் யாரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை. லண்டனில் இருக்கிற சித்தி மகன் மரதன் ஓடப்போகிறானாம். பெரியம்மாவின் முடக்குவாதத்துக்காக ஓடுகிறானாம். ரீசேட்டின் நெஞ்சுப் பக்கத்தில் பெரியம்மா சிரிக்கிறார். முதுகுப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்னம், அதன் கீழே காசு போடுவதற்கான இணைப்பு. படத்தை யார் தெரிந்தெடுத்தார்களோ, ஏதோ கலியாண வீட்டில் வெற்றிலையை வாயில் அடக்கிய சமயம் பார்த்து எடுத்தது. ஒரு கன்னம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கன்னம் இனி லண்டன் தெருவெல்லாம் குலுங்கப்போகிறது.

பிறகு குழுவில் நடந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிய கைகள், சிவப்பு இதயங்கள், முறுக்கிய புஜங்கள். பாரிஸ் மாமி மினுமினுக்கிற மாதா படம் ஒன்றைப் போட்டார். ரொறன்ரோ மாமா “எங்கட இரத்தம்!” என்று எழுதினார். இணைப்பைத் திறந்தவர் எவருமில்லை. மூன்று நாள் கழித்து யாரோ ஒரு சித்தப்பா 20 பவுண் போட்டார். அன்றிலிருந்து 20 என்பதே சட்டம். கூடப் போட்டால் திமிர், குறையப் போட்டால் கஞ்சம். மன்னாரில் இருப்பவர்களும் அதே குழுவில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே இணைப்புத்தான் வருகிறது, 20 பவுணை ரூபாயாக்கினால் எட்டாயிரத்துக்குக் கிட்ட வரும் என்பதெல்லாம் சித்தப்பாவின் தலைக்குள் ஏறியிருக்காது.

பெரியம்மா இருப்பது பேசாலையில். காலையில் கண் விழித்து, விரல்கள் மடங்குவதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். முடக்குவாதம் அப்படித்தான். உடம்பைக் காக்கவேண்டிய காவற்படையே மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிற நோய் அது. பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். மெதோட்ரெக்சேட் குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள் விழுங்கவேண்டும், எந்த நாள் என்பதை மறந்துவிடக்கூடாது. சுடுதண்ணிப் போத்தல் மூடியைத் திறக்க அடுத்த வீட்டுப் பிள்ளை வரவேண்டும். படலைவரை போய்த் திரும்புவது பெரியம்மாவுக்கு ஒரு பயணம். ஒருவருடைய மூட்டு தேய்ந்துபோனதற்காக இன்னொருவன் தன்னுடைய மூட்டையும் தேய்க்கக் கிளம்புவதில் என்ன நியாயம் இருக்கிறதோ, கட்டுரைக்காரருக்கு விளங்கவில்லை. மரதன் கதையைக் கேட்டதும் பெரியம்மா ஒரே ஒரு வசனம் சொன்னார். அந்த வசனத்தைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் இந்த 42.195. உருண்டையாக நாற்பது என்று வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை வின்சர் அரண்மனையில் தொடக்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அப்படி வந்த 26 மைல் 385 யார்தான் 1921இல் உலகத்துக்கே சட்டமானது. ஆக, ஓடுகிறவர்களைக் கேட்டு வைத்த தூரமல்ல, உட்கார்ந்திருந்தவர்களின் வசதிக்கு வைத்த தூரம். அந்த ஓட்டத்தில் இத்தாலிக்காரர் டொராண்டோ பியெத்ரி அரங்குக்குள் வந்தபின் விழுந்து விழுந்து எழும்பினார். அலுவலர்கள் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார்கள், பிறகு அதையே காரணங்காட்டி அவரை நீக்கினார்கள். கைத்தாங்கல் இல்லாமல் படி இறங்கமுடியாத பெரியம்மாவின் பெயரால் நடப்பது, கைத்தாங்கல் பிடித்தால் தள்ளிவிடுகிற போட்டி.

லண்டன் மரதனில் ஓட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குலுக்கலில் பெயர் வரவேண்டும். வராவிட்டால் ஒரு தொண்டு நிறுவனத்திடம் போய், இரண்டாயிரம் பவுண் அளவில் சேர்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அவர்களின் இடத்தில் ஓடலாம். சித்தி மகனுக்குக் குலுக்கலில் வரவில்லை. வராத பிறகுதான் பெரியம்மாவின் முடக்குவாதம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பாவம். சொல்லாமல் விடவும் கட்டுரைக்காரருக்கு மனமில்லை. 2025இல் அந்த ஒரே நாளில் ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடி முடித்தார்கள், தொண்டுகளுக்குச் சேர்ந்தது 8 கோடிப் பவுணுக்கும் அதிகம். இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

இத்தோடு நின்றிருந்தால் பேனா வெளியே வந்திராது. முந்தாநாள் இரவு சித்தி மகனிடமிருந்து குரற்செய்தி ஒன்று வந்தது. “அண்ணை, அடுத்த வருசம் ஊரிலேயே ஓடுவம். மன்னார்த் தீவிலேயே ஒரு மரதன் வைப்பம். பெரியம்மா கொடி அசைக்கட்டும். நீங்கள்தான் பாதை போட்டுத் தரவேணும்.”

பாதையா? சரி. கட்டுரைக்காரர் வரைபடத்தை விரித்தார்.

முதற் சிக்கல், தீவு போதாது. மன்னார்ப் பாலத்தடியிலிருந்து தலைமன்னார் பியர்வரை ஓடினால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அதற்கப்பால் கடல். மிச்சம் 12 கிலோமீற்றரை எங்கே ஓடுவது? விடாப்பிடியாக நேரே போவதென்றால் ராமர் அணை இருக்கிறது. மணல் திட்டில் ஏறி, அடுத்த திட்டுவரை தண்ணீரில் இறங்கி, மறுபடி ஏறி, 42ஆவது கிலோமீற்றரில் ஓட்டக்காரர் இந்தியக் கடல் எல்லையை மோப்பம் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிடுவார். பதக்கம் போட இரண்டு நாட்டுக் கடற்படையும் காத்துக்கொண்டு நிற்கும். ஒரு காலத்தில் இதற்கும் வழி இருந்தது. 1914 தொடக்கம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. பியர்வரை ஓடி, மிச்சத்தைக் கப்பல் தட்டில் சுற்றிச் சுற்றி ஓடி முடித்து, தனுஷ்கோடியில் இறங்கிச் சென்னைக்கு ரயில் ஏறியிருக்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் கொண்டுபோயிற்று, அந்த வசதியையும் கொண்டுபோயிற்று.

கடல் வேண்டாம், பின்னாலே தள்ளித் தொடங்குவோம் என்றால், பெருநிலப்பரப்பில் உயிலங்குளத்துப் பக்கம் எங்கேயாவது தொடங்கவேண்டி வரும். பிறகு அது தீவு மரதன் இல்லை. அதோடு தாம்போதியைத் தாண்டவேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், மறைப்புக்கு ஒரு பூவரசுகூட இல்லை, காற்று ஆளைத் தூக்கும். கீழே வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகள், பருவமானால், ஒற்றைக் காலில் நின்றபடி இந்த இரண்டு கால் மனிதர்களைப் பார்க்கும். அவை எதற்காகவும் ஓடுவதில்லை. 2010இல் அந்தச் சரணாலயத்தை ராம்சார் பட்டியலில் சேர்த்து உலகம் அவற்றுக்கு மரியாதை செய்தது.

போய்த் திரும்பினால்? நகரத்தில் தொடங்கி, எருக்கலம்பிட்டிச் சந்தி தாண்டி, பேசாலை தாண்டி, 21 கிலோமீற்றரில் ஒரு பனையைச் சுற்றிக்கொண்டு திரும்பவேண்டும். ஒரு பனை என்றால் எந்தப் பனை? அங்கே நிற்பதெல்லாம் பனை. சித்தி மகன் லண்டனில் வளர்ந்தவன், ஒரு பனைக்கும் மறு பனைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைமன்னாருக்கே போய்விடுவான். சோளகக் காலமென்றால் காற்று தெற்குக் கரையிலிருந்து தீவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வரும். போகும்போது இடது காதில் மணல், திரும்பும்போது வலது காதில் மணல். அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் தெற்குக் கரையோரம் முப்பது காற்றாலைகளை நட்டு, தம்பபவனி என்று பெயரும் வைத்தார்கள். இன்னும் நடுவோம் என்று வந்தபோது தீவுச் சனம் வீதியில் குந்திவிட்டது வேறு கதை. பேசாலையில் கருவாட்டு மணம் ஓட்டக்காரர்களின் மூச்சைச் சோதிக்கும். பிறகு கழுதைகள். மன்னார்க் கழுதைக்கு விசில் விளங்காது, ஹோர்ன் விளங்காது, தொண்டு நோக்கமும் விளங்காது. நடுறோட்டில் நிற்கிற கழுதையைச் சுற்றி ஓடினால் தூரம் கூடும். அந்த மீற்றர்களை யார் கணக்கில் சேர்ப்பது?

கடைசியில் கட்டுரைக்காரருக்கு ஒரு வழி பிடிபட்டது. பள்ளிமுனைப் பெருக்க மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்லிக்கொள்கிற அந்த ஆபிரிக்க மரத்தின் அடி சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீற்றர். 42,195ஐ அதனால் பிரித்தால் 2,164 சுற்று. தீர்ந்தது பிரச்சினை. கழுதையைக் கட்டிவைக்கலாம். தண்ணீர் கொடுக்க ஒரே ஒரு குடம் போதும். தலை சுற்றினால் 1,082ஆவது சுற்றில் திசையை மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியம்மாவை ஒரு கதிரையில் இருத்திவிட்டால் முழு ஓட்டத்தையும் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார், 1908இல் இங்கிலாந்து அரச குடும்பத்துக்குக்கூட அந்த வாய்ப்பு இருக்கவில்லை. இது பகிடி என்று நினைப்பவர்களுக்கு: 2020இல் கொரோனா நேரத்தில் 99 வயது டொம் மூர் என்ற பழைய இராணுவக்காரர், நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுத் தோட்டத்திலே 25 மீற்றரை நூறு முறை நடந்தார். மொத்தம் இரண்டரைக் கிலோமீற்றர். பிரித்தானியச் சுகாதார சேவைக்கான தொண்டுகளுக்கு 3 கோடிப் பவுணுக்கு மேல் சேர்ந்தது. காசு சேருவதற்குத் தூரம் ஒரு பொருட்டேயில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

2,164 சுற்றுத் திட்டத்தை வரைபடத்தோடு குழுவில் போட்டார். சித்தி மகன் ஒரு பெருவிரல் போட்டான். பாரிஸ் மாமி இன்னொரு மாதா.

இவ்வளவு எரிச்சல்பட்ட மனிதர் வரைபடத்தை மடித்துவைத்திருக்கலாம். மடிக்கும்போதுதான் தலைமன்னார் ஊருமலைக் கரை கண்ணில் பட்டது. 2022 மார்ச் 20ஆம் திகதி ஜியா ராய் என்ற மும்பைப் பிள்ளை அங்கேதான் கடலில் இறங்கினாள். பதின்மூன்று வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனைவரை 29 கிலோமீற்றரை 13 மணித்தியாலம் 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள், ஆட்டிசம் என்றால் என்ன என்று சனம் அறியவேண்டும் என்பதற்காக. கவனியுங்கள், யாரோ ஒரு மச்சான் அவளுக்காக நீந்தவில்லை. அவளே நீந்தினாள். அதே கடலில் இரண்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, பஞ்சம் தாங்காமல் இங்கிருந்து படகேறிய குடும்பம் ஒன்றைப் படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், கைக்குழந்தையும் அதற்குள் இருந்தது. இந்தியக் கரையோரக் காவற்படை போய் மீட்டது. அவர்கள் கடந்த தூரத்தை எந்த அமைப்பும் அளக்கவில்லை.

இந்த ஊர்ச் சனத்துக்கு ஓட்டம் புதிதா என்ன? 1670இல் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடின குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் மடு. 1990 ஒக்டோபரில் புலிகள் போ என்றதும் எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போனார்கள். யுத்தம் முடியும்வரை எந்தச் சனம் எத்தனை தரம் ஓடியது என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஒருவருக்கும் ரீசேட் கிடைக்கவில்லை.

சுகமில்லாதவருக்காக நடப்பதும் புதிதில்லை. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குக் கால்நடையாகப் போகிறவர்களில் பாதிப்பேரின் நேர்த்திக்குப் பின்னால் ஒரு வருத்தக்காரர் இருப்பார். அப்பாவின் நெஞ்சு, மகளின் வலிப்பு, மருமகளின் கருப்பை. நடப்பவர் எத்தனை கிலோமீற்றர் என்று ஊருக்குச் சொல்வதில்லை, நேரத்தைப் பதிவதில்லை, பிறரிடம் காசு கேட்பதில்லை. இந்த இடத்தில் கட்டுரைக்காரர் வெற்றிப் புன்னகையோடு நிறுத்தியிருப்பார். பக்கத்திலிருந்து வாசித்த மனைவி, “அப்ப மடிப்பிச்சை?” என்று கேட்டார். உண்மைதான். வீடுவீடாகப் போய் முந்தானையை ஏந்தி, பிடி அரிசியும் சில்லறையும் வாங்கி, அதைக்கொண்டு நேர்த்தியைத் தீர்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. மடியை ஏந்துவதற்கும் இணைப்பை அனுப்புவதற்கும் என்ன வித்தியாசம் என்று விளக்க அவர் ஒரு பக்கம் எழுதினார். மனைவி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உலை வைக்கப் போய்விட்டார். அந்தப் பக்கம் இங்கே இல்லை.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் தெல்லிப்பழையில் நிற்கிறது. 2011இல் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடைப்பட்ட 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்தார்கள். கூட ஆயிரக்கணக்கில் சனம். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. 2016இல் மறுபடியும் நடந்தார்கள், இந்தத் தடவை காலி கராப்பிட்டியவில் ஒன்று கட்ட. கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் நடந்தார். அவருடைய தம்பி திஷால் மூளைக் கட்டியால் 1995இல் இறந்தபோது வயது 16. தம்பி போய் இருபது வருசத்துக்குப் பிறகும் ஒருவர் நாடு முழுக்க நடக்கிறார் என்றால் அதைப் பகிடி பண்ண இந்தக் கட்டுரைக்காரருக்கு வாய் இல்லை. அவர்கள் ஏ9 வீதியோடு போனார்கள், மதவாச்சிச் சந்தியில் மன்னார்ப் பக்கம் திரும்பவில்லை என்று வேண்டுமானால் குறைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு மன்னாரில் புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, நூறு கிலோமீற்றருக்கு மேல் போய் இறங்குவது அந்த நடையில் எழும்பிய ஆஸ்பத்திரியில்தான். நல்ல கோபம் ஒன்றை ஒரு கட்டிடம் கெடுத்துவிடுகிறது.

அப்படியென்றால் என்னதான் கோபம்? அமெரிக்காவின் டிக் ஹோய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ரிக் பிறப்பிலேயே பெருமூளை வாதத்தால் கைகால் முடங்கியவர், கணினி மூலம் பேசியவர். 1977இல், விபத்தில் முடங்கிப்போன ஒரு விளையாட்டு வீரருக்காக நடந்த ஐந்து மைல் ஓட்டத்தில் தானும் சேரவேண்டும் என்று கேட்டது மகன். தகப்பன் அதுவரை ஓட்டக்காரரே அல்ல. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி, கடைசிக்கு முதல் ஆளாக வந்தார். ஓடும்போது என் ஊனம் எனக்குத் தெரியவில்லை என்ற பொருளில் அன்று இரவு மகன் சொன்ன பிறகு, இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில் ஓடினார்கள். பொஸ்டன் மரதனில் மட்டும் 2014வரை முப்பதுக்கு மேல். அங்கே வருத்தக்காரர் ரீசேட்டில் ஒட்டப்பட்ட படம் அல்ல. ஆளே முன்னால் இருந்தார். முதலில் கேட்டதும் அவர்தான்.

பெரியம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை, எந்தப் படம் போடலாம் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெற்றிலை போடாத படம் ஒன்றையாவது எடுத்துக் கொடுத்திருப்பார், கொடியேற்றத்துக்கு நீலச் சேலை கட்டிய படம் அலுமாரிக்குள் இருக்கிறது. சேர்கிற இரண்டாயிரம் பவுணும் முடக்குவாத ஆராய்ச்சிக்குப் போகும், அது நல்லதுதான், என்றைக்காவது ஒரு புது மருந்து வரும், பேசாலைக்கும் வந்து சேரும். அதற்கு முன்னால் மாதா மாதம் கிளினிக் வரும்.

ஆகவே மன்னாரில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரதன் கதையைக் கேட்டதும் பெரியம்மா சொன்ன அந்த ஒரே வசனமும் இதுதான்: கிளினிக் நாளில் விடியமுன் வரிசையில் நின்று நம்பர் எடுக்க ஒரு ஆள் வேண்டும். பெரியம்மாவால் அந்நேரத்துக்கு விரலே மடக்கமுடியாது, கட்டுரைக்காரருக்கு முழங்கால் சரியில்லை. பேசாலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அதற்குள் முப்பது பேர் முன்னால் நிற்பார்கள், ஆகவே பஸ்ஸுக்கு முந்தி ஓடவேண்டும். ரீசேட் தேவையில்லை. போகும்போது பெரியம்மாவின் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். கொப்பியைக் காட்டாமல் நம்பர் தரமாட்டார்கள்.